எழுபத்திரண்டுக்குக் கீழே

எடை மிஷின் பொய் சொல்கிறது என்று அருள்செல்வி அன்றைக்கு மூன்று பேரிடம் சொன்னாள். முதலில் நர்ஸிடம். அப்புறம் டாக்டரம்மாவிடம். ஆஸ்பத்திரி வாசலில் பைக்கோடு காத்துக்கொண்டிருந்த புருஷன் சவரிராஜிடம் மூன்றாவதாக. ஒருவரும் நம்பவில்லை. அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஜனவரியில் எண்பத்தொன்று, ஏப்ரலில் எண்பத்தொன்றரை. மூன்று மாதம் சுரைக்காய்க் கூட்டும் கேழ்வரகுக் களியுமாகக் காலம் தள்ளி, காலையில் எழுந்து புது ஆற்றங்கரையில் வேர்க்க விறுவிறுக்க நடந்து, கடைசியில் அரைக் கிலோ ஏறியிருக்கிறாள். பேசாமல் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

அழகுக்காக இளைக்கிற கதை என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அருள்செல்விக்கு நாற்பத்தேழு வயது. தஞ்சாவூர் கீழவாசலில் பதினெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறாள். ஊர்ப் பெண்களின் இடுப்பளவும் கையளவும் அவள் நோட்டில் இருக்கிறது. வருடா வருடம் எல்லோருக்கும் ஏறிக்கொண்டுதான் போகிறது. தன் சுற்றளவைப் பற்றி அவள் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. விஷயம் தம்பி ஜெரால்டு. அவனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்விட்டது. அக்காவின் கிட்னி பொருந்துகிறது. அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. எடைதான் இடிக்கிறது.

"எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்கம்மா, தேதி குடுத்துடுறேன்," என்று டாக்டரம்மா ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். "அதுக்கு மேல இருந்தா ஆபரேஷன்ல உங்களுக்கு ஆபத்து. அவரைக் காப்பாத்தப் போயி உங்களைப் படுக்க வைக்க முடியாது. அவரும் எத்தனை நாளைக்கு டயாலிசிஸ்லயே ஓட்டுவாரு, சொல்லுங்க?"

ஒன்பது கிலோ. தம்பியின் உயிருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

ஜெரால்டு அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். திருப்பனந்தாள் பக்கம் அவன் மிஷினுக்கு வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்கள். முப்பத்தெட்டு வயதில் கால் வீங்கி, முகம் வீங்கி, ஒருநாள் மிஷின் மேலேயே மயங்கிவிட்டான். இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து வந்து போக முடியாமல் அக்கா வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டுக் கிடக்கிறான். அவன் மனைவி ஷோபனா அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, டாக்டரம்மா கேள்வியை முடிக்கும் முன்பே, "நான் குடுக்குறேன்," என்று சொன்னவள் அருள்செல்வி. யோசிக்கவே இல்லை. அம்மா செத்தபோது அவளுக்குப் பதினேழு, தம்பிக்கு எட்டு. கல்லறையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு அவன் அழுகையை யாராலும் நிறுத்த முடியவில்லை. யாரோ கையில் திணித்த பன்னை அருள்செல்வி இரண்டாகப் பிய்த்தாள். அவன் வாயில் பாதி, தன் வாயில் பாதி. அவன் அழுகை நின்றது. அவள் அழுகையும் நின்றது. அதை அவள் மறக்கவே இல்லை, அதுதான் வினை. கல்யாணம் இரண்டு முறை தட்டிப்போனபோது முறுக்கு. முதல் பிள்ளை கலைந்தபோது ரஸ்க். மகள் ஜாஸ்லின் வேலை கிடைத்து சென்னைக்குப் போன வாரம், வாங்கிவைத்த மிக்சர் மூன்று பாக்கெட். துக்கம் வந்தால் சிலர் சாமியைத் தேடுவார்கள், சிலர் புருஷனைத் திட்டுவார்கள். இவள் டப்பாவைத் திறப்பாள்.

இப்போதோ வாரத்தில் மூன்று நாள் துக்கம். கையில் ஊசி குத்தி, ரத்தமெல்லாம் குழாயில் வெளியே ஓடித் திரும்புவதை நான்கு மணி நேரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறவள் என்ன செய்வாள்? தம்பிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று தின்பாள். தின்றால் எடை குறையாது. எடை குறையாவிட்டால் தம்பிக்கு விடிவு இல்லை. விடிவு இல்லையே என்று மறுபடியும் தின்பாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இது போதாதென்று சொந்தக்காரர்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று நம் ஜனங்களுக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை. வருகிறவர் எல்லார் கையிலும் ஒரு பை. சாத்துக்குடி ஒரு டஜன், மலைவாழை ஒரு சீப்பு, இளநீர் நாலு, ஹார்லிக்ஸ் பெரிய பாட்டில், கூடவே பிரெட். கிட்னி போனவனுக்கு வாழைப்பழம் ஆகாது, சாத்துக்குடி ஆகாது, இளநீர் விஷம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், அதுவும் கோடு போட்ட பாட்டிலில் அளந்து. அருள்செல்வி வருகிறவர்களிடம் எல்லாம் பல்லவி மாதிரி இதைச் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டுப் பையை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

"அவனுக்கு ஆகாதுன்னா நீ சாப்பிடு," என்றாள் பாபநாசத்துச் சித்தி. சித்தி பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவாள், வரும்போது திருவையாற்றில் இறங்கி அசோகா அல்வா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வருவாள். "கிட்னி குடுக்கப்போற உடம்பு. தெம்பு வேணாமா? முகமே வாடிப் போச்சு பாரு."

"சித்தி, நான் இளைக்கணும். இளைச்சாத்தான் ஆபரேஷன்."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. எலும்பும் தோலுமா இருந்தா எதை எடுத்து எதைக் குடுக்குறது? தின்னுடி."

எண்பத்தொரு கிலோ எலும்பும் தோலும்! அருள்செல்விக்குச் சிரிப்பதா, தலையைச் சுவரில் இடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுத்தால் சித்திக்கு முகம் சுருங்கும். வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். வைத்தால் அது அங்கேயே இருக்குமா? நெய் மினுங்க, டப்பா மூடியைத் திறந்த கையோடு, ஃபிரிட்ஜ் கதவைக்கூட மூடாமல் நின்றபடியே ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். தட்டில் போட்டு உட்கார்ந்து தின்றால்தான் அது சாப்பாடு என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நின்றுகொண்டு தின்றதெல்லாம் உடம்பில் சேராது என்று யார் சொன்னது?

மாதா கோயிலில் வேறு மாதிரித் தொல்லை. பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிறு பூசையில், மன்றாட்டு நேரத்தில், "தம் சகோதரருக்காகத் தம் உடலையே கொடுக்க முன்வந்துள்ள நம் பங்கு மகள் அருள்செல்விக்காக," என்று மைக்கில் படித்துவிட்டார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "நீ சாட்சாத் புனிதைதான்" என்றாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அந்தப் புனிதை பிரெட் பாக்கெட்டை ஹார்லிக்ஸில் தோய்த்துத் தோய்த்துக் காலி செய்தாள்.

சவரிராஜ் மின்வாரியத்தில் லைன்மேன். வாய் திறந்து பேசுவது வருடத்துக்கு நாலு வாக்கியம். அவரும் தன் பங்குக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து சமையலறை அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அருள்செல்வி ஊக்கு வைத்துத் திறந்தாள். பதினெட்டு வருடமாகத் தையல் மிஷினைத் தானே ரிப்பேர் பார்க்கிறவளுக்கு ஒரு பூட்டு எம்மாத்திரம்.

ஆக, ஏப்ரலில் எண்பத்தொன்றரை. "அம்மா, இன்னும் மூணு மாசம் பாக்கலாம்," என்று டாக்டரம்மா சொன்ன குரலில் சலிப்புத் தெரிந்தது. சலிக்க அவருக்கு உரிமை உண்டு என்று அருள்செல்விக்கும் தெரியும். அதனால்தான் மிஷின் மேல் பழி போட்டாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸில் இருந்தபோதே ஜெரால்டுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கால் இழுத்துக்கொண்டு அவன் அலறியது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. நர்ஸ்கள் ஓடினார்கள். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு அருள்செல்வி கடைக்குப் போனாள். போய் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். கூடத்தில் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பூனை மாதிரி நடந்து சமையலறைக்குள் போனாள். சித்தியின் அசோகா முழு டப்பா இருந்தது. அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுச் சந்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, ஸ்பூன்கூட இல்லாமல், கையால் வழித்துத் தின்றாள். ருசி தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதையும் சேர்த்தே தின்றாள்.

பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது.

திரும்பினால் ஜெரால்டு. பானை மூடியைச் சத்தமில்லாமல் கழற்றி, பெரிய எவர்சில்வர் டம்ளரைத் தளும்பத் தளும்ப மொண்டு வாயருகே கொண்டுபோயிருந்தான். அவனுடைய கோடு போட்ட பாட்டில் கூடத்தில் இருக்கிறது. இது அந்த அளவில் சேராத தண்ணீர். வாரா வாரம் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவனுக்கு நாலு கிலோ நீர் எப்படி ஏறுகிறது என்று டாக்டரம்மா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாரே, அந்தத் தண்ணீர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் கையில் டம்ளர். அவள் கை முழங்கை வரை நெய்.

"டேய்! சாவணும்னு முடிவு பண்ணிட்டியாடா?" என்று கத்தினாள் அருள்செல்வி. "காலைலதானேடா காலு இழுத்துக்கிட்டுக் கெடந்தே! அந்தத் தண்ணியெல்லாம் நெஞ்சுல போயி நிக்கும்னு சொன்னாங்களா இல்லியா?"

"நீ என்னத்தைக்கா பண்ணிக்கிட்டு இருக்கே?" அவன் அதற்கு மேல் கத்தினான். "என்னைக் காப்பாத்துறேன்னு ஊரு பூரா சொல்லிட்டு இங்க வந்து அல்வாவை வழிக்கிறே! நாக்கு வறண்டு ஒட்டிக்குது எனக்கு. ஐஸ் கட்டியைச் சப்பிக்கிட்டுக் கெடக்குறேன். எதுக்கு? நீ எளைப்பேன்னுதானே? மூணு மாசமாச்சு, அரைக் கிலோ ஏத்திக்கிட்டு வர்றே!"

"எனக்கு மட்டும் ஆசையாடா? என்னால முடியலைடா!"

"ஏன் முடியலை? வயித்துக்கு என்ன அப்படிப் பசி?"

"பசியாவது மண்ணாங்கட்டியாவது! எவளுக்குடா பசிக்குது?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. பசி இல்லை. மூன்று மாதமாக ஒருநாள்கூடப் பசித்துத் தின்றதாக நினைவில்லை. ஜெரால்டு டம்ளரை மேடையில் வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"உனக்குப் பயமா இருக்காக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்த புனிதைக்கு எப்படிப் பயம் வரும்? ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பயமா இருக்குடா. மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காமலே போயிடுவேனோன்னு இருக்கு. நம்ம ஜாஸ்லினுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆவலை. எழுபத்திரண்டுக்கு வந்துட்டா... வெட்டிடுவாங்கல்ல?"

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் சொல்லாத வாக்கியம் அது. எண்பத்தொன்றில் இருக்கிறவரைக்கும் அவளை யாரும் மேஜையில் கிடத்த முடியாது. குறை சொல்லவும் முடியாது. பாவம், முயற்சி செய்கிறாள், உடம்பு வாகு அப்படி என்பார்கள். இதையெல்லாம் அவள் திட்டம் போட்டுச் செய்தாளா என்றால், இல்லை. தெரியாமல் செய்தாளா என்றால், அதுவும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

ஜெரால்டு முகம் செத்துப்போயிற்று. "அப்ப வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லக்கா. செத்தவங்க கிட்னிக்குன்னு இருக்குற அரசாங்கப் பட்டியல்ல பேரைக் குடுத்துட்டு நான் உக்காந்திருப்பேன். வர்றப்ப வரட்டும்."

அருள்செல்விக்கு வந்ததே கோபம். நெய்க் கையாலேயே அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். "குடுக்கமாட்டேன்னு எவடா சொன்னா? பயமா இருக்குன்னுதானே சொன்னேன்! ரெண்டும் ஒண்ணாடா, முட்டாப்பயலே?"

அவன் தோளில் ஒட்டிய நெய்யைத் துடைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தபடியே டம்ளர் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தான். அது போவதைப் பார்த்த பார்வையில் எவ்வளவு தாகம் என்று அவளுக்குத் தெரிந்தது. "எனக்குந்தான்கா பயமா இருக்கு," என்றான். "உன்னோடதை வாங்கிப் போட்டு, அதையும் நான் கெடுத்துட்டா என்ன பண்றது? அதை நெனச்சாத்தான் தண்ணித் தாகம் தாங்க மாட்டேங்குது."

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. டப்பாவைத் திறக்கும் முன் அவள் அவனிடம் சொல்ல வேண்டும். பானையைத் திறக்கும் முன் அவன் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் தின்னத் தோன்றினால், குடிக்கத் தோன்றினால், செய்துகொள்ளலாம். ஒளித்து மட்டும் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் அது பெரிய ரோதனை. பாதி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் கடையிலிருந்து போன் செய்வாள். "ஜெரால்டு, பயமா இருக்கு." "எவ்வளவு?" "ஒரு சீப்பு வாழைப்பழம் அளவுக்கு." "பேசு, கேக்குறேன்." பேசுவாள். வாடிக்கையாளர்கள் அளவு ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருப்பார்கள். பாதி நாள் பேசி முடிக்கும்போது கை டப்பாவை மறந்திருக்கும். மீதி நாள் பேசியும் தின்றாள். ஆனால் தட்டில் போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்து தின்றாள். அப்படித் தின்றால் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சொந்தக்காரர்களைச் சவரிராஜ் பார்த்துக்கொண்டார். ஒருநாள் ஓர் அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, கேட்டில் கம்பியால் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். "பார்க்க வருகிறவர்கள் பழம், பலகாரம் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் நீங்களே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் போக வேண்டும்." அவருடைய அந்த வருடத்து நாலு வாக்கியத்தில் இரண்டு அதிலேயே போயிற்று. பாபநாசத்துச் சித்தி படித்துவிட்டு, "என்ன பேச்சு இது?" என்று கொதித்தாள். கொதித்தாலும் விடவில்லை. ஆறு சாத்துக்குடியையும் கால் கிலோ அசோகாவையும் அவளையே தின்ன வைத்தார்கள். போகும்போது ஏப்பம் விட்டபடி, இனி வெறுங்கையோடுதான் வருவேன் என்று கோபித்துக்கொண்டு போனாள். அருள்செல்வி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோனால் இளைத்துவிடும் என்று கோயில் பெண்கள் யோசனை சொன்னார்கள். நடக்கிறவர்களுக்கு வழி நெடுகச் சோறு போட்டு அனுப்புகிற சீமை இது. போயிருந்தால் தொண்ணூறைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். புது ஆற்றங்கரையே போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஜூலையில் எழுபத்தொன்பது. செப்டம்பரில் எழுபத்தாறரை. அக்டோபரில், ஜெரால்டு சளி பிடித்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மறுபடி எழுபத்தெட்டு. எடை மிஷின் மேல் நின்றபடியே அழுதாள். இந்த முறை மிஷினைத் திட்டவில்லை. மறுநாள் காலை நடக்கப் போனாள். ஜாக்கெட்டின் பக்கத் தையலை இத்தனை வருடமும் பிரித்துப் பிரித்து விட்டவள், டிசம்பரில் முதல்முறையாகப் பிடித்துத் தைத்தாள். பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது முள் எழுபத்தொன்றே முக்காலில் நின்றது. நர்ஸ் இரண்டு முறை ஏறச் சொன்னாள். இரண்டு முறையும் அதே எழுபத்தொன்றே முக்கால்.

பிப்ரவரியில் தேதி. அன்று காலை அக்காவையும் தம்பியையும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பக்கத்துப் பக்கத்துத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். முதலில் அக்கா உள்ளே போக வேண்டும். பச்சை உடுப்பில் அருள்செல்வி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. விரல்கள் போர்வை நுனியைப் பிசைந்துகொண்டே இருந்தன. சவரிராஜ் கால்மாட்டில் நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்து சீட்டைப் பார்த்து, "நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையேம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சாப்பிடலைம்மா."

நர்ஸ் நகர்ந்ததும் பக்கத்து வண்டியிலிருந்து ஜெரால்டு தலையைத் திருப்பினான். எட்டு வயதில் பன்னுக்கு வாயைத் திறந்த அதே முகம்.

"பசிக்குதாக்கா?"

அருள்செல்வி கொஞ்சம் யோசித்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இல்லடா," என்றாள். "பயம்தான்."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். ஆள் வந்து வண்டியைத் தள்ளும் வரைக்கும் விடவில்லை.